மகராஜா இருக்கும் வரை

ஏரிக்கோட்டை, சகஸ்தானம்
மகராஜா காலமான மாசி மாதம்

பத்ராவுக்கு,

முதலில் உட்கார். உட்கார்ந்துகொண்டு படி. மகராஜா இறந்துவிட்டார்.

யாரோ சொல்லிக் கேட்டதில்லை, என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் வழக்கப்படி மலை உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிணையாட்களான எங்களையும் குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி வரிசையில் நிற்கவைத்தார்கள். நாங்கள் அழவேண்டுமா, கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளி உருக்கும் வீட்டு அஜிதன் என் காதருகில் வந்து, "அழுதா, சந்தோஷத்துல அழுவுறோம்னு கண்டுபிடிச்சிருவாங்களோ?" என்றான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த காவல்காரன் நான் துக்கம் தாளாமல் நிற்கிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அன்று நம் ஊர் நாணயச்சாலைக்கு வந்து மகராஜாவின் ஆட்கள் சொன்ன வார்த்தையை நீயும் கேட்டாய். அச்சு வெட்டும் வீடு, வெள்ளி உருக்கும் வீடு, எடை போடும் வீடு, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள் பிணையாக வரவேண்டும். அங்கே காசில் கள்ளம் நடந்தால் இங்கே எங்கள் கழுத்து. கெடு என்ன என்று கேட்டதற்கு, "மகராஜா இருக்கும் வரை" என்றார்கள். உன் அப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். உளி பிடிக்கத் தெரியாத வீட்டோடு மாப்பிள்ளை. வேறு யாரை அனுப்புவார். அந்தக் கையின் கனம் பன்னிரண்டு வருஷமாக என் தோளில் இருக்கிறது, இறங்கவேயில்லை. இன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியது போல இருக்கிறது. மாமாவிடம் சொல், எனக்குக் கோபமில்லை என்று. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் சொல்லாதே.

குதிரை வியாபாரிகள் கிளம்பும்போது நாங்களும் கிளம்பிவிடுவோம். ஏரி மீனும் வாற்கோதுமை ரொட்டியும் தின்று தின்று என் உடம்பிலேயே சேற்று வாடை வருகிறது. அரிசிச் சோறும் எருமை நெய்யும் எடுத்து வை. எனக்கு முன்பல் ஒன்று போய்விட்டது, பார்த்துச் சிரிக்கக்கூடாது. உனக்கு என்னென்ன போயிருக்கிறதோ, அதைப் பார்த்து நானும் சிரிக்கமாட்டேன்.

வாசலில் இதைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பயப்படாதே. நம் எழுத்தைப் படிக்க இங்கே ஆளில்லை. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள்.

உன்
ஹேலகுப்தன்


தட்சசீலம்
மகராஜாவின் இருபத்தேழாம் ஆண்டு, ஆனி மாதம்

உங்களுக்கு, பத்ரா வணங்கி எழுதுவது.

மேலே போட்டிருக்கும் ஆண்டைப் பார்த்ததும் கோபப்படாதீர்கள். அப்படித்தான் எழுதவேண்டும் என்று ஊரில் முரசறைந்திருக்கிறார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன், நீங்கள் சொல்லவேண்டாம் என்றதையும் சேர்த்து. "வரட்டும், வரட்டும்" என்றபடி எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. அவருக்கு இப்போது கண்ணில் பால் படர்ந்துவிட்டது. எதிரே நிற்பது ஆளா தூணா என்பதே குரல் வந்தால்தான் தெரியும். நாலு வருஷமாக அச்சு முழுவதும் நான்தான் வெட்டுகிறேன். பெயருக்கு அவர் வெளியே உட்கார்ந்திருப்பார், உள்ளே என் உளி சத்தம் போடும். நாணயச்சாலை அதிகாரி வராஸுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்.

அந்த வராஸ்தான் புது முகத்தின் மெழுகுப் படத்தோடு வந்தார். இளவயசு முகம், தாடி குறைச்சல், இறந்தவரின் அண்ணன் மகனாம். "பேரு என்ன வெட்டணும்?" என்று கேட்டேன்.

"அதே பேருதான்."

"அவருதான் போயிட்டாரே."

"யாரு சொன்னா? மகராஜா நல்லா இருக்காரு."

"ஐயா, என் வீட்டுக்காரரு கண்ணால பார்த்து எழுதியிருக்காரு."

வராஸ் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத பாரும்மா. வந்தவரு அந்தப் பேரையே எடுத்துக்கிட்டாரு. அதே பேரு, அதே பட்டம், அதே ஆண்டுக் கணக்கு. ஏறி உக்கார்ற குதிரையும் அதேதான். மூஞ்சிதான் வேற. காசுல மூஞ்சிய யாரு பாக்குறா?"

"அப்ப பிணையா போனவங்க?"

"அது எனக்கு மேல உள்ளவங்க பேச்சு" என்று சொல்லி உளிப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய தம்பியும் எங்கோ ஒரு கோட்டையில் இப்படித்தான் இருக்கிறாராம்.

வெட்டிக் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷம் அந்தப் பெயரை வெறும் கோடும் வளைவுமாகத்தான் வெட்டியிருக்கிறேன், என்ன வெட்டுகிறோம் என்ற நினைப்பே இருந்ததில்லை. இந்தத் தடவை தெரிந்தே வெட்டினேன். நீங்கள் இதற்குள் கிளம்பியிருப்பீர்கள், இந்தக் கடிதம் உங்களை வழியில் தவறவிட்டுக் காலிக் கோட்டைக்குப் போய்ச் சேரும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படியே ஆகட்டும்.

பத்ரா


ஏரிக்கோட்டை
புரட்டாசி. ஆண்டு போடமாட்டேன்.

பத்ரா,

உன் கடிதம் காலிக் கோட்டைக்கு வரவில்லை. நான் இருக்கிறேன். நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். குதிரை வியாபாரிகள் எங்களுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்கள். வாசல் தலைவன் பர்னாக் வந்தான். உனக்குத் தெரியாது, அவன் நல்லவன், எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாத்துக்கறிச் சாறு கொண்டுவந்து கொடுத்தவன். "எங்கப்பா கிளம்பிட்டீங்க, திருவிழாவுக்கா?" என்று கேட்டான்.

"கெடு முடிஞ்சிதே" என்றேன்.

"என்ன கெடு?"

"மகராஜா இருக்கிற வரைக்கும்னுதானே பேச்சு."

"ஆமா. இருக்காரே." இடுப்புப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். "பேரு இருக்கா? இருக்கு. ஆண்டு ஓடுதா? ஓடுது. அப்புறம் என்ன. உள்ள போங்கப்பா, வெயில் ஏறுது."

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறான். மலைமேல் கொண்டுபோய் வைத்த ஆளை அவனும்தானே எங்களோடு நின்று பார்த்தான்.

அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குதிரையின் முன்காலை யார் அப்படி மடக்கி வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. உன் கை. என்னை உள்ளே வைத்துப் பூட்டுகிறவன் பர்னாக் இல்லை, அந்தச் சிறுக்கன் ராஜாவும் இல்லை, நீதான். வீட்டில் சுகமாக உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தட்டித் தட்டிப் பூட்டுகிறாய்.

சரி, பூட்டுகிற கைக்குத் திறக்கவும் தெரியுமே. புதியவனின் சொந்தப் பெயர் ரஷ்னு. அவனை வளர்த்தவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதை வெட்டு. ஒரு பக்கம் யவன எழுத்திலும் வெட்டு, மறுபக்கம் நம் எழுத்திலும் வெட்டு. வராஸ் கவனிப்பதற்குள் ஒரு மூட்டை சந்தைக்குப் போய்விட்டால் போதும். பழையவர் போய்விட்டார், இவன் வேறு ஆள் என்று ஊர் உலகமெல்லாம் கையில் வைத்துப் பார்த்தபிறகு யாரால் மறைக்க முடியும். உனக்கு என்மேல் பாசம் இருக்கிறதென்றால் இதைச் செய்.

ஹேலகுப்தன்


ஏரிக்கோட்டை
ஐப்பசி

பத்ரா,

போன கடிதத்தை அடுப்பில் போடு. அதில் சொன்ன எதையும் செய்யாதே. உன்னைச் சொன்ன வார்த்தைகளையும் அடுப்பிலேயே போட முடியும் என்றால் போடு.

அஜிதன் ஓடிவிட்டான். நாணல் படகு ஒன்றை அவிழ்த்துக்கொண்டு ஏரிக்குள் போனான். காற்று அவனை இருந்த கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டது. நாணல் காட்டில் பிடித்தார்கள். அவனை என்ன செய்தார்கள் என்று எழுதமாட்டேன். எங்களை நிற்கவைத்துப் பார்க்கச் செய்தார்கள். இப்போது அவன் அண்ணன் வீட்டுக்கு, அதுதான் நம் தெருக்கோடியில் வெள்ளி உருக்கும் வீட்டுக்கு, ஆள் போயிருக்கிறது. இங்கே தப்பு செய்தால் அங்கே, அங்கே தப்பு செய்தால் இங்கே. நான் இதை மறந்துவிட்டு உனக்கு வீரம் பேசியிருக்கிறேன்.

எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அதை வெட்டு. நன்றாக வெட்டு.

வியாபாரிகள் யாரும் இப்போது கிழக்கே போகவில்லை. தட்சசீலத்து மடத்துக்குத் திரும்பும் ஒரு பிக்குவிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். பனி விழுவதற்குள் கணவாயைத் தாண்டிவிடுவேன் என்கிறார். அவர் காலைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஹேலகுப்தன்


தட்சசீலம்
மகராஜாவின் இருபத்தேழாம் ஆண்டு, தை மாதம்

உங்களுக்கு,

புரட்டாசியில் நீங்கள் எழுதியது கிடைத்தது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கணவாயின் பனி அல்ல. எனக்கு எழுதப் பிடிக்கவில்லை.

சுகமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போனபோது எனக்குப் பத்தொன்பது வயசு. இரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். எனக்குப் பிள்ளை வேண்டும் என்று ஆசை இருந்தது. எத்தனை பிள்ளை, என்ன பெயர் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இப்போது காதோரத்தில் நரை வந்துவிட்டது. தெருவில் எனக்குப் பின்னால் கல்யாணமானவர்கள் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவர்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள், அது ஒன்றுதான் என்னால் தாங்க முடியாதது. இந்தச் சுகத்தை உங்களுக்கு நான் முன்னால் எழுதாதது என் தப்பு.

அஜிதன் செய்தது இங்கே வந்து சேர்ந்துவிட்டது. ராஜ தூதர்களின் குதிரை பனியிலும் ஓடும் போலிருக்கிறது. அவன் அண்ணன் வீட்டுக் கதவில் களிமண் முத்திரை வைத்துவிட்டார்கள். அண்ணனை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. அண்ணி கூழ்ப்பானையோடு தெருவில் நின்றாள். நான் போய்க் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றாள். "உன் வீட்டுக்கும் வருவாங்க, தள்ளி நில்லு" என்று சொன்னாள். அதனால் நீங்கள் சொன்னபடி நான் செய்யமுடியாது. நம் எழுத்தில் பெயரை மாற்றினால் தட்டான் முதல் தரகன் வரை அன்றைக்கே படித்துவிடுவார்கள்.

ஆனால் ஒன்று செய்தேன். கோபத்தில் செய்தேன், உங்கள்மேல் உள்ள கோபத்தில் பாதி, மற்றவர்கள்மேல் பாதி.

யவன எழுத்தை இங்கே யாரும் படிப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். அப்பாவின் முன்னோர் பேசிய பாஷைதான், அப்பாவுக்கே அதில் இரண்டு வார்த்தைக்கு மேல் தெரியாது. பழைய காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடிவத்தைப் பார்த்து வெட்டுகிறோம், அவ்வளவுதான். ஆனால் வளையமாக ஓடும் அந்த எழுத்துக்களில் பெயர் எது என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் எந்த ராஜா காலத்திலும் அப்படியே இருக்கும், ராஜா மாறும்போது மாறுவது அந்த ஒரு கூட்டம்தான். இந்தத் தடவை புது அச்சில் அதை விட்டுவிட்டேன். ராஜாதி ராஜர், பெரியவர், காப்பவர் என்று பட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு எழுத்தையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து இடத்தை நிரப்பிவிட்டேன். வராஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எழுத்து இந்தத் தடவ நல்லா காத்தோட்டமா விழுந்திருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். இதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். செத்துப்போனவரை ஒரு பக்கமாவது சாகவிட்டேன், அவ்வளவுதான். அன்றைக்குப் பசித்துச் சாப்பிட்டேன்.

இதைச் சுருட்டிக் கட்டும் நேரத்தில் பிக்கு வந்தார். கணவாயின் இந்தப் பக்கத்தில் ஒரு மடத்தில் கால் வீங்கிக் கிடந்தாராம். உங்கள் ஐப்பசிக் கடிதத்தைப் படித்தேன். புது அச்சின் முதல் காசுகளைப் பையில் போட்டு அரக்கு வைத்து ஏரிக்கோட்டை அரண்மனைக்கு அனுப்புவது வழக்கம் இல்லையா, அந்தப் பை போன வாரமே கிளம்பிவிட்டது. பயப்படாதீர்கள். அங்கே வெள்ளி எவ்வளவு, எடை எவ்வளவு, முகம் ஒத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். யவன எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள்.

பத்ரா


ஏரிக்கோட்டை
இருபத்தெட்டாம் ஆண்டு, சித்திரை

பத்ரா,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கடைசிவரை படபடப்போடு படிக்கவேண்டாம்.

இங்கே யவன எழுத்துப் படிப்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். கடை வாசலில் அதில்தான் விலை எழுதுகிறார்கள். பேரன் பிறந்தால் அதில்தான் வாழ்த்து எழுதி மாட்டுகிறார்கள். உன்னிடம் இதைச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நம் எழுத்தை இங்கே படிக்க ஆளில்லை என்பது மட்டும் எனக்குச் சொல்லத் தோன்றியது.

அந்தப் பை கணவாய்ப் பனியில் தேங்கிக் கிடந்ததாம், உன் கடிதமும் அதுவும் ஒரே கூட்டத்தோடு வந்தன. நான் இங்கே படித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே பையைப் பிரித்துவிட்டார்கள். தட்சசீலத்துப் பிணையாட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டார்கள். எல்லோரும் மண்டியிட்டோம். எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும். மற்றவர்களும் என்னால் சாகப்போகிறார்கள். எழுந்து, நான் ஒருவன்தான், என் வீடுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் உன் வீட்டுக் கதவில் முத்திரை. வாயை மூடிக்கொண்டேன்.

அரண்மனை எழுத்தர் தியோன், வயசான யவனர். காசை விரலில் சுற்றிச் சுற்றிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். ராஜா வறுத்த விதையைக் கொறித்துக்கொண்டே, "என்ன முனகுறீங்க, சத்தமா படிங்க" என்றான். அவர் படித்தார்.

"இதுல நான் எங்க?"

"இல்லீங்க."

"வெட்டுனவன் மறந்துட்டானா?"

"மறந்தா நடுவுல காலியா எடம் தெரியும். இது எடத்த நெரவி வெட்டியிருக்கு. தெரிஞ்சு செஞ்சதுதான்."

அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உன் முகத்தை நினைக்கப் பார்த்தேன், பத்ரா, சரியாக வரவில்லை. அதற்காக அங்கேயே அழுகை வந்தது.

ஆனால் தியோன் பேச்சை முடிக்கவில்லை. தெற்கே ராஜாவின் சித்தப்பா மகன் ஒருவன் படை திரட்டியிருக்கிறான். அவனும் அதே பெயரைச் சூடிக்கொண்டு, அதே பெயரில் காசு அடிக்கிறானாம். தியோன் காசை ராஜாவின் உள்ளங்கையில் வைத்து, "பேரு இருந்தா, எந்த மகராஜான்னு கேள்வி வரும். எப்பப் பொறந்தாரு, எப்பப் போனாருன்னு கேள்வி வரும். இதுல பாருங்க, கேள்வியே வராது. எவனும் இத எடுத்து இது என் காசுன்னு சொல்ல முடியாது, கையில வச்சிருக்கிறவரத் தவிர" என்றார்.

ராஜா கொறிப்பதை நிறுத்திவிட்டுக் காசைப் பார்த்தான். "அப்ப இவருக்குச் சாவே கெடையாது?"

"பேரே இல்லாதவரு எப்படிங்க சாவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்துவிட்டது என்பதால் நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வாயைக் கழுவவேண்டும் போல இருக்கிறது. எல்லா நாணயச்சாலைக்கும் ஆணை போகிறது, இனிமேல் இரண்டு பக்கமும் பெயர் கிடையாது. வெட்டிய வீடு எது என்று கேட்டு, எனக்கு ஒரு கம்பளி மேலங்கி கொடுத்தார்கள். வாசலில் பர்னாக் அந்தத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல கம்பளி. ரொம்ப வருஷத்துக்கு ஒழைக்கும்" என்றான்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை. நீ செய்தது சரி, யார் செய்தாலும் அப்படித்தான் முடிந்திருக்கும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொன்ன கெடுவுக்குள் திரும்பாத புருஷனை விட்டு விலக நம் ஊர்ச் சபை பெண்களுக்கு வழி வைத்திருக்கிறது. போய்க் கேள். உனக்கு இன்னும் வயசு இருக்கிறது. பிள்ளை பெறலாம். பெயர்கள்தான் யோசித்து வைத்திருக்கிறாயே. நான் இதை மனதாரச் சொல்கிறேன். மனதார என்பது பொய், ஆனாலும் சொல்கிறேன்.

ஹேலகுப்தன்


தட்சசீலம்
இருபத்தெட்டாம் ஆண்டு, ஆடி மாதம்

உங்களுக்கு,

ஆணை வந்துவிட்டது. அதோடு எனக்கு ஒரு வெள்ளி வளையும் வந்தது. வராஸ் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க வீட்டு யோசனையாமே" என்று மட்டும் சொன்னார். அப்பா அந்த வளையைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அவர் வெளியே வந்து உட்காருவதில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். உங்கள் தோளில் வைத்த கையைக் கழுத்துக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் வராஸிடம்தான் போனேன். என்னையும் ஏரிக்கோட்டைக்கு அனுப்பிவிடுங்கள், ஒரு பிணைக்கு இரண்டு பிணையாக இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொல்வார்கள் என்று கேட்டேன். நல்ல உபாயம் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அவர், "நீ போயிட்டா அச்ச யாரு வெட்டுறது?" என்றார். "அப்பா இருக்காரே" என்றேன். அவர் உள்ளே படுத்திருந்த அப்பாவை எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நாலு வருஷம் தெரியாத மாதிரி இருந்தவர், "பாரும்மா, என்னைச் சொல்ல வைக்காத" என்று கைகூப்பினார். 

அதனால் சபைக்குப் போனேன். உங்கள்மேல் கோபித்துக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன், என்னைப் போய் வேறொருவரைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாரே என்று. தெருக்கோடியில் அந்த முத்திரை வைத்த வீட்டைத் தாண்டும்போது கோபம் போய்விட்டது. ஆற்றங்கரையில் பெண்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கொஞ்சம் நின்றேன். சபை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது உண்மையாகவே கேட்கவேண்டும் என்று ஆகிவிட்டது. உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எனக்கு வேண்டும். நீங்கள் கிடைக்கமாட்டீர்கள் என்றால் எனக்கு வேறு ஏதாவது வேண்டும். அப்படித்தான் போய் நின்றேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நடுவில் இருந்தவர், "புருஷன் போயி எத்தன வருஷம் ஆச்சும்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அடப்பாவமே" என்று உச்சுக் கொட்டினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "எப்பத் திரும்புறதா பேச்சு?"

"மகராஜா இருக்கிற வரைக்கும்னு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு மடியிலிருந்து ஒரு காசை எடுத்தார். புதுசு, என் கையிலிருந்து போய் ஒரு மாதம்கூட ஆகாதது. முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். ஐந்து பேரும் கைமாற்றிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பட்டங்கள்தான், போய்விட்டார் என்று சொல்ல ஒரு பெயர்கூட இல்லை. காசு சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது.

"கெடுவுக்கு மேல ஒரு நாள் ஆனாலும் நாங்க உனக்கு வழி பண்ணியிருப்போம்மா" என்றார். "ஆனா உன் புருஷன் இன்னும் தாமதமே ஆகலையே."

பத்ரா